லியோ ஃபெண்டர்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் இராசபாளையத்தில் எம் உறவினர் இல்லத் திருமணம் ஒன்று நடந்தது. ஒலிபெருக்கிகள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்தன. இளைஞர் ஒருவர் மின்சாரக் கித்தாரைத் தொட்டாரோ இல்லையோ, பெட்டி ஊளையிடத் தொடங்கிற்று. மணமக்களும் செவியைப் பொத்திக்கொண்டனர். ஒலிபெருக்கி அமைத்த பெரியவர் விரைந்து வந்து பெட்டியை அப்புறம் திருப்பினார். வாசிப்பவரை அதன் எதிரே நில்லாது ஒதுங்கி நிற்கச் செய்தார். ஒலியையும் சற்றே தணித்தார். ஊளை அடங்கியது. அப்பெரியவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. லியோ ஃபெண்டரும் இத்தொழிலினரே. அவருக்கும் கித்தார் வாசிக்கத் தெரியாது!

ஃபெண்டர் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் பிறந்தார். எட்டாம் வயதில் ஒரு கண்ணை இழந்து கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டார். கணக்கர் வேலை பார்த்து, 1930-களின் பொருளாதார முடையில் அதனையும் இழந்தார். 1938-இல் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலி செப்பனிடும் கடையொன்று திறந்தார். ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடுதலும் அவர் தொழில்களுள் ஒன்று. இசைவாணர் தம் கருவிகளுடன் வந்து குறைகளைச் சொல்வர். அவர் பொறுமையுடன் கேட்பார்.

அக்குறைகளுள் தலையாயது இந்த ஊளையே. கித்தாரின் நரம்புகளின் கீழே, காந்தத்தின்மேல் மெல்லிய செம்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுச் சுற்றப்பட்டிருக்கும். உருக்கு நரம்பு அதிரும்போது அக்கம்பியில் மின்னோட்டம் பிறக்கும். ஒலிபெருக்கி அதனைப் பேரொலியாக்கும். கித்தாரின் உடல் குடம்போல் உள்ளீடற்றதாயின், அப்பேரொலி அவ்வுடலை மீண்டும் அதிர்விக்கும். உடல் நரம்பை அதிர்விக்கும். நரம்பின் ஒலி மறுபடியும் பெட்டியை அடையும். இங்ஙனம் சுழன்று சுழன்று பெருகுவதே ஊளை. ஆதலின் உடலை அதிராத கட்டை மரமாக்கிவிட்டால் என்ன என்று ஃபெண்டர் எண்ணினார். 1943-இல் காஃப்மன் என்னும் நண்பருடன் சோதனைக்காகக் கட்டைக் கித்தார் ஒன்று செய்தார். அழகற்ற அதனை உள்ளூர் இசைவாணர் வாடகைக்குக் கேட்டு வாங்கிச் சென்றனர்.

இவ்வெண்ணம் இவர் ஒருவருக்கே தோன்றியதன்று. லெஸ் பால், பிக்ஸ்பி முதலியோர் முன்னரே இத்தகையன செய்திருந்தனர். ஆயினும் 1950-இல் தொழிற்சாலையிற் பெருந்தொகையாகச் செய்து, எளியோரும் வாங்குமாறு விற்றவர் ஃபெண்டரே. கழுத்தை நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைத்தார். பழுதுற்றால் எளிதில் மாற்றலாம். கடை வைத்துப் பழுது பார்த்தவருக்கன்றோ அவ்வருமை தெரியும்! 1951 முதல் அக்கருவி டெலிகாஸ்டர் எனப்பட்டது. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. இவற்றின் ஒலி தெளிவானது, நெடிது நிற்பது. வீணைக் குடத்தின் குழைவு அதில் இல்லை என்பதே என் கருத்து. ஒற்றைக் கம்பிச் சுருளாதலின் மின்விளக்குகளின் அருகே வண்டுபோல் முரலும் குறையும் உண்டு. அதனைத் தீர்க்கக் கிப்ஸன் நிறுவனத்துச் சேத் லவர் 1955-இல் இரட்டைச் சுருளை அமைத்தார்.

நோய் நெடுநாள் வருத்தவே, இனிப் பிழைப்பதரிது என அஞ்சிய ஃபெண்டர், 1965-இல் தம் நிறுவனத்தைச் சுமார் 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். பின்னர் நோய் நீங்கிற்று. கைகள் சும்மா இருக்கவில்லை. வேறு பெயர்களில் மீண்டும் கித்தார்கள் செய்தார். முதுமையில் நடுக்குவாத நோய் பற்றியபோதும் பட்டறைக்குச் செல்வதை விடவில்லை. 1991-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள் காலமானார். ஆயிரமாயிரம் பேர் கைகளில் தம் கருவிகளைத் தந்த அவர், இறுதிவரை ஒன்றையேனும் வாசிக்கக் கற்றாரல்லர்.