வெறுங்காலால் ஓடி வென்ற வீரர் அபேபே பிக்கிலா

ஆப்பிரிக்கக் கண்டத்தின் பழம்பெரும் நாடுகளுள் ஒன்று எத்தியோப்பியா. அந்நாட்டில் ஜாட்டோ என்னும் மலைச் சிற்றூரில், ஆடு மேய்த்து வாழ்ந்த எளிய குடும்பத்தில், 1932ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7ஆம் நாள் அபேபே பிக்கிலா பிறந்தார். இளமையில் அவரும் கால்நடைகளை மேய்த்தே வளர்ந்தார்.

அவருக்கு மூன்று வயதானபோது, 1935இல், இத்தாலி எத்தியோப்பியாவின் மீது படையெடுத்தது. மறு ஆண்டு தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. வென்றவர்கள் அக்சும் என்னும் தொன்னகரிலிருந்த மாபெரும் கற்றூணைப் பெயர்த்துச் சென்று, தம் வெற்றிச் சின்னமாக ரோம் நகரில் நிறுத்தினர். 1941இல் எத்தியோப்பியா விடுதலை பெற்றது. தூணோ ரோமிலேயே நின்றது.

வாலிபப் பருவம் எய்திய பிக்கிலா தலைநகர் சென்று, பேரரசர் ஹைலே செலாசியின் மெய்க்காவற்படையில் கடைநிலை வீரராகச் சேர்ந்தார். சுவீடன் நாட்டவரான ஒன்னி நிஸ்கானன் அங்கே அவரது ஆற்றலைக் கண்டறிந்தார். கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில், காற்று மெலிந்த மலை நிலத்தில், நாள்தோறும் காலம் கணித்து அவரை ஓடச் செய்தார். காலணியோடும் காலணி இன்றியும் அப்பயிற்சி நடந்தது.

1960ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் நடைபெற்றது. புதிய காலணி பொருந்தாமையால், பழகிய வெறுங்காலாலேயே ஓட முடிவு செய்தார் பிக்கிலா. மாலையில் தொடங்கிய ஓட்டம் இரவிலும் தொடர்ந்தது. படைவீரர்கள் தீவட்டி ஏந்தி வழியில் ஒளி காட்டினர். மொராக்கோ நாட்டு ராடி என்பவர் இறுதிவரை அவருக்கு ஈடு கொடுத்து ஓடினார். முடிவிடம் நெருங்கிய வேளையில், அக்சும் தூண் நின்ற இடத்தருகே பிக்கிலா வேகத்தைக் கூட்டி முந்தினார். 42.195 கிலோமீட்டரை 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடியில் கடந்து உலகச் சாதனை படைத்தார். தம் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை ஈட்டித் தந்தார். ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்ற அதே ஆண்டில் இவ்வெற்றி கிட்டியது. தூண் 2005இல்தான் தாயகம் திரும்பியது.

1964இல் டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானுக்கு ஐந்து வாரங்களே இருந்த நிலையில், அவருக்குக் குடல்வால் அறுவை மருத்துவம் செய்ய நேர்ந்தது. ஆயினும் அவர் ஓடினார். இம்முறை காலணி அணிந்து ஓடினார். 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடியில் முடித்து, அடுத்தவரை நான்கு நிமிடங்களுக்கும் மேலாகப் பின்தள்ளினார். ஒலிம்பிக் மாரத்தானில் இருமுறை வென்ற முதல் மனிதர் அவரே. அதன்பின் படை அதிகாரியாக உயர்த்தப்பட்டார். பின்னாளில் கேப்டன் பதவியும் எய்தினார். 1968இல் மெக்சிகோவில் கால் நோவினால் ஏறத்தாழ 17 கிலோமீட்டரில் ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தது. அவரது நாட்டவரான மாமோ வோல்டே அதில் வென்றார்.

1969 மார்ச்சுத் திங்களில் அவர் ஓட்டிச் சென்ற கார் இரவில் விபத்துக்குள்ளாயிற்று. உலகை வியக்க வைத்த கால்கள் உணர்விழந்தன. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பல மாதங்கள் கிடந்தார். எனினும் மனம் தளர்ந்தாரில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வில்வித்தையும் மேசைப்பந்தும் பயின்று, 1970இல் ஊனமுற்றோர் போட்டிகளில் கலந்துகொண்டார். 1971இல் நார்வேயில் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் வெற்றியும் கண்டார். 1973 அக்டோபர் 25ஆம் நாள், 41ஆம் வயதில், மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் மறைந்தார். நாடே துக்கம் காத்தது.

பிக்கிலாவின் வெறுங்கால்களைப் பற்றியே உலகம் பேசுகிறது. அதைக் கேட்டு, இல்லாமையே வெற்றியைத் தந்தது என்று நாம் எண்ணிவிடலாகாது. காலணி அணிந்த டோக்கியோவில் அவர் இன்னும் விரைவாகவே ஓடினார். ஆடு மேய்த்த சிறுவனுக்கு வாய்ப்பும் நல்லாசானும் கிட்டின. அவரோ ஒரு நாளும் சோம்பாது உழைத்தார். இவை ஒன்றுகூடிய இடத்திலேதான் வெற்றி பிறந்தது. வாய்ப்பும் நல்லாசானும் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்வது பெரியோராகிய நம் கடமை. சோம்பாத உழைப்பு மாணவச் செல்வங்களே, உங்கள் கடமை. கால்கள் ஓய்ந்த பின்னும் ஓயாத அவ்வீரரை நினைவில் இருத்துங்கள்.