கையெழுத்தே இல்லாத ஒரு தாள்... கலிலியோவை மண்டியிட வைத்தது எது?

1633 ஏப்ரல் 12, ரோம். 69 வயதுப் பெரியவர் ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபையின் மத விசாரணை மன்றத்தில் வந்து நிற்கிறார். உடம்புக்கு முடியல, பயணம் செய்யக்கூடாது என்று மூன்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தும் ரோம் விடவில்லை. தானாக வராவிட்டால் சங்கிலி போட்டு இழுத்து வருவோம் என்று தகவல் அனுப்பியிருந்தது.

அவர் கலிலியோ கலிலி. சரி, அன்று அவரிடம் என்ன கேட்டார்கள்? பூமி சூரியனைச் சுற்றுகிறதா, அதற்கு என்ன ஆதாரம் என்றெல்லாம் யாரும் வாதம் செய்யவில்லை. 17 வருடத்துக்கு முன்னால், 1616 பிப்ரவரியில், உங்களிடம் என்ன சொல்லப்பட்டது, யார் சொன்னார், அப்போது கூட யார் யார் இருந்தார்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

விஞ்ஞானம் எதிர் மதம் என்று நமக்குப் பள்ளியில் சொல்லப்பட்ட கதை பொய் கிடையாது. ஆனால் வழக்கு நடந்தது ஒரு தாளைச் சுற்றி. அந்தத் தாளில் கையெழுத்தே இல்லை.

யார் இந்த கலிலியோ?

1564-ல் இத்தாலியின் பீசா நகரில் பிறந்தவர். அப்பா வின்சென்சோ இசைக்கலைஞர். பையன் டாக்டர் ஆகட்டும் என்று மருத்துவம் படிக்க அனுப்பினார். பையனோ பட்டம் வாங்காமலே கணிதத்துக்குத் தாவிவிட்டார். (இன்ஜினீயரிங்கைப் பாதியில் விட்டவர்களுக்கு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.) முதலில் பீசாவில் கணிதப் பேராசிரியர். 1592 முதல் 18 ஆண்டுகள் படுவாவில். மரீனா காம்பா என்ற பெண்ணுடன் திருமணம் செய்துகொள்ளாமலே மூன்று குழந்தைகள். முறைப்படி பிறக்காத பெண்களுக்கு வரன் கிடைப்பது கஷ்டம் என்பதால், இரண்டு மகள்களையும் சிறுமிகளாக இருக்கும்போதே கன்னியர் மடத்தில் சேர்த்துவிட்டார். மூத்தவள் வர்ஜீனியா. மடத்தில் அவள் பெயர் மரியா செலஸ்தே. இவரைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

1609-ல் ஹாலந்தில் யாரோ தூரத்துப் பொருளைப் பக்கத்தில் காட்டும் குழாய் செய்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானே ஒன்றைச் செய்தார். சீக்கிரமே 20 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி அவர் கையில். நிலாவில் மலைகள் தெரிந்தன. 1610 ஜனவரியில் வியாழன் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். ராத்திரிக்கு ராத்திரி அவை இடம் மாறின. சில நாட்களில் விஷயம் புரிந்துவிட்டது. அவை வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்கள். அதாவது, எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பழைய கணக்கு அங்கேயே இடிக்கிறது. அதே ஆண்டின் கடைசியில், வெள்ளியும் நிலா மாதிரி தேய்ந்து வளர்வதைப் பார்த்தார். வெள்ளி சூரியனைச் சுற்றினால்தான் அப்படித் தெரிய முடியும்.

கண்டுபிடித்த நிலாக்களுக்கு ஃபுளோரன்சை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் பெயரை வைத்தார். சீக்கிரமே அந்த அரசவையில் நல்ல சம்பளத்தில் வேலை. ஆள் விவரமானவர்.

திருச்சபைக்கு என்ன பிரச்சினை?

சூரியன்தான் நடுவில் என்று கோப்பர்னிக்கஸ் புத்தகம் போட்டது 1543-ல். அவரே திருச்சபையில் பதவி வகித்தவர். புத்தகத்தை அன்றைய போப்புக்குத்தான் சமர்ப்பித்தார். 70 வருடம் பெரிய எதிர்ப்பு எதுவும் ரோமிலிருந்து வரவில்லை. கிரகங்களின் கணக்கைச் சுலபமாக்க ஒரு வழி என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். கலிலியோவின் கண்டுபிடிப்புகளைக்கூட 1611-ல் ரோமிலிருந்த சேசு சபைக் கல்லூரியின் வானியலாளர்கள் தங்கள் தொலைநோக்கியில் பார்த்துச் சரிதான் என்றார்கள். அவருக்கு அங்கே விருந்தும் மரியாதையும் கிடைத்தன.

மாட்டிக்கொண்டது எங்கே என்றால், பைபிளில். யோசுவா போர் செய்யும்போது சூரியனை நிற்கச் சொன்னதாகவும், அது நின்றதாகவும் ஒரு பகுதி இருக்கிறது. நின்றது என்றால், அதற்கு முன் ஓடியிருக்க வேண்டும்தானே? 1613-ல் தன் மாணவர் காஸ்தெல்லிக்கு எழுதிய கடிதத்தில் கலிலியோ இதற்குப் பதில் சொல்ல முயன்றார். பைபிள் சாதாரண மக்களுக்குப் புரியும் மொழியில் பேசுகிறது, அது வானியல் பாடப்புத்தகம் இல்லை என்பது அவர் வாதம்.

இன்றைக்கு நியாயமாகத் தெரிகிறது. அன்றைக்கு அது தீயில் கை வைத்த மாதிரி. புராட்டஸ்டன்ட்கள் பிரிந்துபோய் நூறு ஆண்டுகூட ஆகவில்லை. ஆளாளுக்கு பைபிளுக்கு அர்த்தம் சொன்னதால் வந்த வினை அது என்று ரோம் நினைத்தது. அதனால், பண்டைய திருச்சபைத் தந்தையர் ஒருமனதாகச் சொன்ன அர்த்தத்தை யாரும் மாற்றக்கூடாது என்று ட்ரென்ட் சங்கம் 1546-லேயே சட்டம் போட்டிருந்தது. இப்போது ஒரு கணிதக்காரர் வந்து வேதத்துக்கு விளக்கம் சொன்னால்? கடிதத்தின் நகல் ஒன்று 1615-ல் ரோமுக்குப் புகாராகப் போய்ச் சேர்ந்தது.

இந்த இடத்தில் கர்தினால் பெல்லார்மினைச் சும்மா வில்லன் என்று ஒதுக்க முடியாது. பூமி சுற்றுகிறது என்பதற்கு உறுதியான நிரூபணம் வந்தால், வேத வசனங்களை வேறு மாதிரிதான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும் என்று அவர் 1615-ல் எழுதினார். ஆனால் அப்படி ஒரு நிரூபணம் இருப்பதாக நம்பவில்லை என்றும் சேர்த்தே எழுதினார்.

உண்மையிலேயே கலிலியோவிடம் அப்போது நிரூபணம் இல்லை. வெள்ளியின் தேய்பிறை வளர்பிறை பழைய தாலமி முறையை வீழ்த்தியது, சரி. ஆனால் டைக்கோ பிராகே என்ற டேனிஷ் வானியலாளர் ஒரு நடுவழி வைத்திருந்தார்: மற்ற கிரகங்கள் சூரியனைச் சுற்றும், சூரியன் பூமியைச் சுற்றும். வெள்ளி அதற்கும் கச்சிதமாகப் பொருந்தியது. பூமி நகர்ந்தால் பக்கத்து விண்மீன்கள் வருடத்தில் லேசாக இடம் மாறித் தெரிய வேண்டும். அந்த மிகச் சிறிய மாற்றத்தை பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் அளந்து சொன்னது 1838-ல்!

1616: இரண்டு தாள்கள்

1616 பிப்ரவரி 24-ல் மன்றத்தின் இறையியல் நிபுணர்கள் கூடி, சூரியன் அசையாமல் நடுவில் நிற்கிறது என்பது தத்துவப்படி அபத்தம், மதப்படி நேரடி முரண்கொள்கை என்று அறிக்கை கொடுத்தார்கள். மறுநாள் போப் ஐந்தாம் பவுலின் உத்தரவு வந்தது. அதில் படிப்படியாக வழிமுறை இருந்தது. முதலில் பெல்லார்மின் கலிலியோவைக் கூப்பிட்டு அந்தக் கருத்தைக் கைவிடச் சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் மட்டும், சாட்சிகள் முன்னால் மன்றத்தின் ஆணையர் முறைப்படி தடை உத்தரவு போட வேண்டும். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் சிறை.

பிப்ரவரி 26-ல் பெல்லார்மின் வீட்டில் சந்திப்பு நடந்தது. கோப்பில் இருக்கும் குறிப்பு சொல்வது இது: பெல்லார்மின் எச்சரித்தார், உடனே ஆணையரும் குறுக்கே வந்து, இந்தக் கொள்கையை எந்த வகையிலும், வாயாலோ எழுத்தாலோ, ஏற்கவோ கற்பிக்கவோ ஆதரிக்கவோ கூடாது என்று தடை போட்டார், கலிலியோ ஒத்துக்கொண்டார். நடுவில் அவர் மறுத்தாரா? குறிப்பில் இல்லை. மறுக்கவில்லை என்றால் இரண்டாவது கட்டத்துக்கு ஏன் போனார்கள்? அதற்கும் பதில் இல்லை. பெல்லார்மின், ஆணையர், கலிலியோ, சாட்சிகள் என ஒருவர் கையெழுத்தும் அதில் இல்லை.

மார்ச் 5-ல் கோப்பர்னிக்கஸின் புத்தகம் திருத்தம் செய்யும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. கலிலியோ பெயர் அந்த ஆணையில் வரவே இல்லை. ஆனாலும் அவர் மன்னிப்புக் கேட்டார், தண்டனை வாங்கினார் என்று ஊரெல்லாம் வதந்தி. அவர் பெல்லார்மினிடமே போய், நடந்ததை எழுதித் தரச் சொன்னார். மே 26-ல் கர்தினால் தன் கையெழுத்துடன் சான்று கொடுத்தார். கலிலியோ மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, தண்டனையும் இல்லை. கோப்பர்னிக்கஸ் கொள்கை வேதத்துக்கு விரோதம் என்பதால் அதை ஏற்கவோ ஆதரிக்கவோ முடியாது என்று தெரிவிக்கப்பட்டது, அவ்வளவுதான். கற்பிக்கக் கூடாது என்பதோ, எந்த வகையிலும் என்பதோ இதில் கிடையாது.

எதுவானாலும் மெயிலில் போட்டுவிடுங்கள் என்று ஆபீஸில் சொல்வோமே, கலிலியோ செய்தது அதைத்தான்.

நண்பர் போப் ஆனார்

1621-ல் பெல்லார்மின் இறந்தார். 1623-ல் மாஃபியோ பர்பெரினி, எட்டாம் அர்பன் என்ற பெயரில் போப் ஆனார். கலிலியோவைப் புகழ்ந்து லத்தீனில் கவிதையே எழுதியிருந்தவர்! 1624-ல் ரோமுக்குப் போன கலிலியோவை ஆறு முறை சந்தித்துப் பேசினார். இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு, கருதுகோளாக மட்டும் எழுதலாம் என்ற அளவுக்குக் கதவு திறந்தது. போப்பின் சொந்த வாதம் ஒன்றும் இருந்தது: கடவுள் எல்லாம் வல்லவர், நாம் பார்க்கும் விளைவுகளை நம்மால் நினைத்தே பார்க்க முடியாத வேறு வழிகளிலும் உண்டாக்கியிருக்கலாம், ஆகவே இதுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

1632 பிப்ரவரியில் புத்தகம் வெளிவந்தது. லத்தீனில் இல்லை, சாதாரண ஆட்கள் படிக்கும் இத்தாலிய மொழியில். மூன்று பேர் நான்கு நாள் உட்கார்ந்து பேசுகிற உரையாடல். தணிக்கை அதிகாரிகளின் அனுமதியும் அச்சாகியிருந்தது. ஆனால் படித்தவர்களுக்கு ஆசிரியர் எந்தப் பக்கம் என்று முதல் நாளிலேயே தெரிந்துவிடும். பழைய கொள்கைக்காகப் பேசுகிற சிம்ப்ளிசியோ பக்கத்துக்குப் பக்கம் அடி வாங்குகிறார். போப்பின் வாதம் கடைசியில் வருகிறது, அதே சிம்ப்ளிசியோவின் வாயில். இது வேண்டுமென்றே செய்த கிண்டலா? எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. ஒரு போப்பை வம்புக்கு இழுக்கும் அளவுக்கு அவர் அசடு இல்லை. ஆனால் தன் எழுத்து எப்படிக் கேட்கும் என்ற கவனம் அவருக்கு எப்போதுமே குறைவு.

இன்னொரு சோகம் உண்டு. பூமி சுற்றுகிறது என்பதற்குத் தன் பெரிய ஆதாரமாக அவர் வைத்தது கடல் அலையேற்றத்தை. பூமியின் அசைவால்தான் கடல் ஏறி இறங்குகிறது என்றார். அந்தக் கணக்குப்படி நாளுக்கு ஒரு முறைதான் கடல் ஏற வேண்டும். நிஜத்தில் பெரும்பாலான கரைகளில் இரண்டு முறை. நிலாதான் காரணம் என்று கெப்ளர் சொன்னதை அவர் ஏளனம் செய்து தள்ளிவிட்டார். முடிவு சரி, வழி தப்பு.

கோப்பு திறந்தது

கோபத்தில் இருந்த போப் ஒரு குழு போட்டார். பழைய கோப்பைப் புரட்டியதில் 1616 குறிப்பு கிடைத்தது. விஷயமே மாறிவிட்டது. தடை உத்தரவு வாங்கியவர், அதைத் தணிக்கை அதிகாரியிடம் மறைத்து அனுமதி வாங்கியிருக்கிறார் என்பது குற்றச்சாட்டு.

ஏப்ரல் 12-ல் கலிலியோ பெல்லார்மினின் சான்றை எடுத்து நீட்டினார். மன்றம் இதை எதிர்பார்க்கவில்லை. கையெழுத்து உள்ள தாளும், இல்லாத தாளும் இப்போது எதிரெதிரே. நம்மூர் பத்திர அலுவலகமாக இருந்தால் எது செல்லும் என்று கேட்கவே வேண்டாம். ஆனால் அவரும் ஒரு தவறு செய்தார். புத்தகத்தில் தான் கோப்பர்னிக்கஸை ஆதரிக்கவே இல்லை, அந்த வாதங்கள் பலவீனமானவை என்றுதான் காட்டினேன் என்றார். புத்தகத்தைத் திறந்து பார்த்தவர் யாரும் இதை நம்ப முடியாது. மூன்று இறையியலாளர்கள் படித்துவிட்டு, ஆதரித்துத்தான் எழுதியிருக்கிறார் என்றார்கள். சான்றின்படியும் ஆதரிப்பது கூடாதுதானே.

அதற்குப் பின் ஆணையர் மக்குலானோ தனியாகப் போய்ப் பேசினார். ஏப்ரல் 30-ல் கலிலியோ இறங்கி வந்தார். புத்தகத்தைத் திரும்பப் படித்தேன், என் சாமர்த்தியத்தைக் காட்டும் ஆசையில் வாதங்களை அளவுக்கு மீறி வலுவாக்கிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். லேசான தண்டனையோடு முடியும் என்று நினைத்திருக்கலாம். போப் விடவில்லை. ஜூன் 21-ல் சித்திரவதை மிரட்டலோடு மறுபடி விசாரணை. ஜூன் 22-ல் மினர்வா மடத்தில் தீர்ப்பு: முரண்கொள்கை உடையவர் என்று கடுமையாகச் சந்தேகிக்கப்படுகிறார். மண்டியிட்டு, கொடுத்த வாசகத்தைப் படித்து, பூமி சுற்றுகிறது என்ற கருத்தைச் சபித்து விலக்கினார். எழும்போது ஆனாலும் அது சுற்றத்தான் செய்கிறது என்று முணுமுணுத்தார் என்பது பிற்காலக் கதை. அக்கால ஆவணம் எதிலும் இல்லை. பத்து கர்தினால்களில் மூன்று பேர் தீர்ப்பில் கையெழுத்துப் போடவில்லை. அதில் ஒருவர் போப்பின் சொந்த அண்ணன் மகன், பிரான்செஸ்கோ பர்பெரினி.

அவரைச் சித்திரவதை செய்யவில்லை, பாதாளச் சிறையில் தள்ளவும் இல்லை. சிறைத்தண்டனை வீட்டுக்காவலாக மாறியது. கூடவே, மூன்று ஆண்டுகள் வாரம் ஒரு முறை ஏழு மனவருத்தச் சங்கீதங்களைச் சொல்ல வேண்டும்.

மகள் மரியா செலஸ்தே, அந்தச் சங்கீதங்களை அப்பாவுக்குப் பதிலாகத் தான் சொல்வதாக எடுத்துக்கொண்டார். 1633 டிசம்பரில் கலிலியோ ஃபுளோரன்சுக்குப் பக்கத்தில் அர்செத்ரியிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பினார். மகளின் மடம் கூப்பிடு தூரம். நாலு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, 1634 ஏப்ரல் 2-ல் மகள் இறந்துபோனார். 33 வயது. அவர் அப்பாவுக்கு எழுதிய 124 கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அப்பா எழுதியவை ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் தன் ஆகச் சிறந்த புத்தகத்தை முடித்தார் என்பது ஆச்சரியம். பொருட்களின் வலிமை, விழும் பொருட்களின் இயக்கம் பற்றிய அந்த நூல் 1638-ல், ரோமின் கை எட்டாத ஹாலந்தின் லெய்டனில் அச்சானது. புத்தகம் வந்தபோது அவருக்குக் கண்பார்வை முழுசாகப் போயிருந்தது. 1642 ஜனவரி 8-ல் மரணம். பெரிய நினைவிடம் கட்ட அர்பன் சம்மதிக்கவில்லை. சாந்தா குரோச்சே தேவாலயத்தின் ஒரு சின்ன அறையில் புதைத்தார்கள். 1737-ல்தான் உடல் தேவாலயத்தின் உள்ளே மாற்றப்பட்டது. அவருடைய உரையாடல் நூலும் கோப்பர்னிக்கஸின் நூலும் தடைப் பட்டியலில் இல்லாமல் வெளிவந்த முதல் பதிப்பு 1835-ல். மன்றத்தின் இறையியலாளர்கள் செய்த தவற்றை 1992-ல் போப் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டார்.

வழக்குக் கோப்பை நெப்போலியன் பாரிசுக்கு அள்ளிக்கொண்டு போனார். 1840-களில்தான் ரோமுக்குத் திரும்பி வந்தது. பின்னர் ஆய்வாளர்கள் பார்க்க அனுமதி கிடைத்தபோது, கையெழுத்தில்லாத அந்தக் குறிப்பைப் பார்த்து 1632-ல் செய்த போலி என்று சிலர் எழுதினார்கள். பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இன்று அதை ஏற்பதில்லை. 1616-லேயே எழுதப்பட்டதுதான் என்கிறார்கள். அப்படியானால் பெல்லார்மின் ஏன் வேறு மாதிரி சான்று கொடுத்தார்? அந்தச் சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.