புலவர் ஜான் டன்

பிறந்தார் அனைவரும் இறத்தல் திண்ணம் என்னும் உண்மையைப் பாடாத புலவர் எந்நாட்டிலும் அரியர். ஆங்கிலப் புலவருள் அதனை ஏட்டில் எழுதியதோடு அமையாது, தம் வாழ்விலும் நின்று காட்டியவர் ஜான் டன் என்பார்.

இவர் 1572-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் தோன்றினார். சிறு பருவத்திலேயே தந்தையை இழந்தார். கத்தோலிக்கர் ஒறுக்கப்பட்ட காலம் அது. குரு ஒருவர்க்குப் புகலிடம் அளித்தமைக்காகச் சிறைப்பட்ட இவர்தம் தம்பி ஹென்றி, 1593-இல் சிறையிலேயே நோயுற்று மாண்டார்.

இளமையில் டன் காதற்பாக்கள் பல இயற்றினார். அரச முத்திரைக் காப்பாளராகிய சர் தாமஸ் எகர்ட்டனிடம் செயலாளராய் அமர்ந்தவர், அப்பெருமகனார் மனைவியின் உறவினராகிய ஆன் மோர் என்னும் நங்கையை 1601-இல் மறைவாக மணந்தார். அதனால் பதவி போயிற்று, சிறைவாசமும் நேர்ந்தது. வறுமையில் பல்லாண்டுகள் கழிந்தன. 1615-இல் ஆங்கிலத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். வாழ்வு சிறிது தளிர்த்த வேளையில், 1617-இல், பன்னிரண்டாம் மகப்பேற்றை அடுத்து அவ்வம்மையார் உயிர் நீத்தார். 1621-இல் டன் தூய பவுல் பேராலயத்தின் தலைமைக் குருவானார்.

1623-ஆம் ஆண்டின் இறுதியில் கொடுங்காய்ச்சல் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. அயலிலிருந்த ஆலயத்தில் யாருக்கோ ஒலித்த சாவு மணி அவர் செவியில் விழுந்தது. அவ்வொலி ஒருவர்க்கே உரியதன்று, கேட்பார் அனைவர்க்கும் உரியது; மக்கட்குலம் முழுதும் ஓருடம்பு என்னும் எண்ணம் அவர் உள்ளத்தே வேரூன்றியது. நோயிற் கிடந்து சிந்தித்தவற்றை உரைநடை நூலாக்கி 1624-இல் வெளியிட்டார்.

1631 பிப்ரவரி 25-இல் முதலாம் சார்லஸ் மன்னர் முன்னிலையில் தமது இறுதிப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பொருளோ மரணம், உரைத்தவரோ எலும்புந் தோலுமாய் நின்றார். அவர் தமது சாவுக்கே பிரசங்கிக்கிறார் என்று கேட்டோர் கருதினர். பின்பு, பிணத்திற்குச் சுற்றும் வெள்ளாடையை உயிரோடிருக்கும்போதே தம் உடலிற் சுற்றிக்கொண்டு நின்று, தம் உருவை வரைவித்துப் படுக்கையருகே வைத்துக்கொண்டார் என்று ஐசக் வால்ட்டன் எழுதிய சரிதம் கூறும். மார்ச் 31-இல் டன் மறைந்தார்.

அவ்வாடை சுற்றிய கோலத்தில் நிக்கொலஸ் ஸ்டோன் என்னும் சிற்பி அவருக்குச் சலவைக்கல்லில் உருவம் அமைத்தார். 1666-இல் பெருந்தீ பழைய பேராலயத்தை அழித்தது, அவ்வுருவம் எஞ்சியது. புதிய பேராலயத்தில் அதனை இன்றும் காணலாம்.

டன் சாவுக்கு அஞ்சாதவர் அல்லர். தம் அச்சத்தை மறையாது பாடியவர். சாவு உறுதி என்னும் நினைவு சிலரைச் சோம்பச் செய்யும். சிலரைத் தந்நலம் பேணச் செய்யும். இவரையோ அது, முகமறியா அயலார் சாவையும் தமதாக எண்ணச் செய்தது. அன்பர்காள்! இவர் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவேயாம்.