மலேரியாவின் முடிச்சை அவிழ்த்த டாக்டர் ரொனால்ட் ராஸ்

சென்ற மழைக்காலத்தில் மூலனூர் பருத்தி ஏலத்துக்கு வந்திருந்த ஒரு சகோதரர், அஸர் தொழுகை முடிந்ததும் நம்மருகே வந்து உட்கார்ந்தார். அவருடைய மகள் பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறாள். மேலே படிக்க ஆசைப்படுகிறாள், அதுவும் கொசுவைப் பற்றி! கொசுவைப் படிக்க ஒரு படிப்பா ஹஜ்ரத், அதற்கு இரண்டு வருஷமா என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீசில் வேலை தயாராக இருக்கிறதாம், மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். சிரித்தாலும் முகத்தில் கவலை தெரிந்தது.

அவரிடம் நாம் சொல்லத் தொடங்கியது ரொனால்ட் ராஸின் வாழ்க்கையை. ஏலத்துக்கு வந்த வண்டி கிளம்பிவிட்டதால் பாதியில் நின்றுபோனது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். நம் வீடுகளில் டிகிரி முடித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு இருப்பவர்கள் பலர்.

ராஸ் நம் நாட்டில் பிறந்தவர். 1857 மே மாதம், மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த மூன்றாம் நாள், இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயப் படை அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் இவர் மூத்தவர். எட்டு வயதில் இங்கிலாந்துக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பிள்ளைக்குக் கவிதை, இசை, ஓவியம் என்றால் உயிர். எழுத்தாளன் ஆக வேண்டும் என்றார். தந்தையோ லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிட்டார். இந்த இடத்தில் நம் ஊர் அத்தாமார்கள் பலருக்குத் தங்கள் முகமே தெரியும்.

மனமில்லாமல் படித்த படிப்பு எப்படி இருக்கும்? பாட நேரத்தில் பாட்டு எழுதினார். ஒரு தேர்வில் தோற்று, கப்பல் டாக்டராக வேலை பார்த்துக்கொண்டே மறுபடி எழுதித்தான் தேறினார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். அடுத்த ஏழு ஆண்டுகள் சென்னை, பெங்களூர், பர்மா, அந்தமான் என்று மாற்றலிலேயே கழிந்தன. காலையில் கொஞ்ச நேரம் நோயாளிகளைப் பார்ப்பது, மிச்ச நேரம் நாவலும் கவிதையும் எழுதுவது, தானாகவே கணிதம் படிப்பது. அந்தக் கணிதத்துக்குப் பிற்காலத்தில் வேலை வரும்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1883இல் பெங்களூரில் அவருக்குக் கிடைத்த பங்களாவில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைப் பார்த்தார். தொட்டியைக் கவிழ்த்ததும் கொசு குறைந்தது. அதிகாரிகளின் உணவு விடுதியிலும் தண்ணீர்ப் பாத்திரங்களைக் கவிழ்க்கலாமே என்று மேலதிகாரியிடம் சொன்னார். அந்த மனிதர் மறுத்துவிட்டார். கொசுவையும் இயற்கை ஏதோ காரணத்துக்காகத்தானே வைத்திருக்கிறது என்பது அவர் வாதம்.

1888இல் ராஸுக்கு முப்பத்தொரு வயது. நீண்ட விடுப்பில் லண்டன் போனவர், ஓய்வெடுக்காமல் மாணவராகச் சேர்ந்தார். பொதுசுகாதாரப் பட்டயம் என்ற டி.பி.எச். படிப்பு அப்போது புதிது. குடிநீர், சாக்கடை, காற்று, வீட்டுச் சுகாதாரம், கொள்ளைநோய்க் கணக்கு, இவையெல்லாம் அதன் பாடங்கள். கூடவே பேராசிரியர் கிளைனிடம் பாக்டீரியாவைப் பார்க்கக் கற்றார். நம் மாநிலத்திலும் பொதுசுகாதாரத் துறைக்குப் போகும் டாக்டர்கள் நெடுங்காலம் இதே டி.பி.எச். படிப்பைத்தான் படித்தார்கள்.

முதல் படிப்பு தந்தைக்காகப் படித்தது. இரண்டாவதைத் தானே தேர்ந்தெடுத்தார். நோயாளி ஒருவரைப் பார்த்து மருந்து எழுதுவது ஒரு வேலை. அந்தத் தெருவுக்கே ஏன் நோய் வந்தது என்று தண்ணீரையும் மண்ணையும் காற்றையும் விசாரிப்பது வேறு வேலை. ராஸுக்கு இந்த இரண்டாவது வேலை பிடித்துப்போனது.

அன்று மலேரியா, சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் வருவதாகவே பெரும்பாலோர் நம்பினர். மலேரியா என்ற சொல்லின் பொருளே கெட்ட காற்றுதான். 1880இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு டாக்டர் லவெரான் நோயாளியின் ரத்தத்தில் கிருமியைக் கண்டிருந்தார். அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது என்பதுதான் முடிச்சு. 1894இல் லண்டனில் பேட்ரிக் மேன்சன் என்ற மூத்த டாக்டர் அந்தக் கிருமியை ராஸுக்கு மைக்ராஸ்கோப்பில் காட்டி, கொசுவின் மேல்தான் தமக்குச் சந்தேகம் என்றார்.

அடுத்த ஆண்டு செகந்திராபாத் திரும்பிய ராஸ் கொசு பிடிக்கத் தொடங்கினார். இடையில் காலரா பரவியதால் பெங்களூருக்குச் சுகாதாரப் பணிக்கு அனுப்பினார்கள். அங்கே கிணறுகளையும் சாக்கடைகளையும் பார்த்து அலைந்தார். ஊட்டிக்கு அருகே சீகூர் பள்ளத்தாக்குக்குப் போன இடத்தில் அவருக்கே மலேரியா வந்தது. இரண்டு ஆண்டுகள் அவர் அறுத்துப் பார்த்ததெல்லாம் தவறான இனக் கொசுக்கள். அதற்காக அவர் வருந்தியிருப்பார். நமக்கோ, இரண்டு ஆண்டு தவறிய பிறகும் மேஜையை விட்டு எழவில்லையே என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது.

1897 ஆகஸ்ட் மாதம். செகந்திராபாத் வெயில். வியர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்திருந்தன. பங்கா இழுத்தால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்பதால் காற்றும் இல்லை. புழுவிலிருந்து வளர்த்த, இறக்கையில் புள்ளி உள்ள புதுவகைக் கொசுக்கள் சில கையில் இருந்தன. மலேரியா நோயாளி ஹுசைன் கான், கொசுவலைக்குள் படுத்துக் கடி வாங்கச் சம்மதித்தார். ஒரு கொசுவுக்கு ஓரணா வீதம் எட்டணா கூலி. ஆகஸ்ட் 20 அன்று அந்தக் கொசுக்களில் ஒன்றின் வயிற்றுச் சுவரில், மலேரியாக் கிருமிக்கே உரிய கருநிறத் துகள்கள் கொண்ட உருண்டைகளை ராஸ் கண்டார். அது அனாபிலஸ் இனம். இன்றும் ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள்.

வேலை பாதியில் இருக்கும்போதே அரசாங்கம் அவரை ராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு மாற்றியது. அங்கே இந்த ஆய்வுக்கு வழியே இல்லை. மேன்சன் பலரிடம் பேசியதால் 1898இல் கல்கத்தா கிடைத்தது. பறவைகளுக்கு வரும் மலேரியாவை வைத்து மீதிப் பாதையைக் கண்டுபிடித்தார். கிருமி கொசுவின் வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய், கடிக்கும்போது அடுத்த உயிருக்குள் இறங்குகிறது. கொசு பிடிப்பது, பறவைகளைப் பராமரிப்பது என்று அங்கே கூட நின்ற உதவியாளர் முகம்மது பக்ஷ். அதே ஆண்டு இத்தாலிய அறிஞர்கள் மனித மலேரியாவிலும் இதே பாதையை நிறுவினார்கள். யார் முந்தியவர் என்று ராஸுக்கும் கிராஸிக்கும் மூண்ட சண்டை அசிங்கமானது. ராஸ் கோபக்காரர், புகழில் பங்கு தரத் தெரியாதவர். இந்த விஷயத்தில் அவரை முன்மாதிரி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 1902இல் மருத்துவ நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வந்தது.

பரிசோடு ஆய்வுக் கூடத்தில் உட்கார்ந்துவிடாமல் தெருவில் இறங்கினார், இதுதான் அவரிடம் நமக்கு மிகவும் பிடித்தது. சியரா லியோனில், எகிப்தின் இஸ்மாயிலியாவில், மொரீஷியசில் குட்டைகளைத் தூர்க்கவும் தேங்கிய நீரை வடிக்கவும் ஆள் கட்டினார். சூயஸ் கால்வாய்க் கரையில் உள்ள இஸ்மாயிலியாவில் சில ஆண்டுகளிலேயே மலேரியா பெரிதும் அடங்கியது. எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாகத் தேயும் என்று சமன்பாடு போட்டுக் காட்டினார். சென்னை மாகாணத்தில் பொழுதுபோகாமல் படித்த கணிதம் அங்கே கைகொடுத்தது. நோய்ப் பரவலைக் கணக்கால் அளக்கும் துறைக்கு அது ஓர் அடித்தளம்.

இனி நம் ஊருக்கு வருவோம். மூலனூர் வறண்ட பூமி. முருங்கையும் பருத்தியும் விளையும், தண்ணீர் எப்போதும் விளையாது. ஆகவே வீட்டுக்கு வீடு டிரம், சிமெண்டுத் தொட்டி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அப்படிச் சேர்த்து வைத்த சுத்தமான நீர்தான் பிடிக்கும். மழைக்காலத்தில் அபேட் மருந்தோடு வாசலுக்கு வரும் பணியாளரை நம்மில் எத்தனை பேர் டிரம் பக்கம் விடுகிறோம்? 1883இல் மறுத்த அந்த அதிகாரி இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார். பழைய பள்ளிவாசல்கள் பலவற்றில் ஹவுளில் மீன் விட்டிருப்பார்கள். அது அழகுக்கு மட்டுமல்ல, கொசுப்புழுவை அது தின்றுவிடும்.

திருப்பூர்ப் பக்கம் இந்தப் படிப்புக்குக் கொசு மட்டுமே வேலை தருவதில்லை. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அதன்பின் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரைச் சோதிக்கவும், நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியை அளக்கவும், படித்த ஆட்கள் தேவை. ஆடைக் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு ஆடிட் வரும்போதும் கேட்கப்படுவது இவைதான்.

அந்தச் சகோதரரின் மகள் கேட்ட படிப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கொசு முதலிய நோய்க்கடத்திகள் பற்றிய ஆராய்ச்சி மையம் 1975இல் தொடங்கியது. அங்கே பொதுசுகாதாரப் பூச்சியியலில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. சென்னை அயப்பாக்கத்துத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தில் பொதுசுகாதார முதுநிலைப் படிப்பு நடக்கிறது. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் அடுப்புப் புகையையும் காற்று மாசையும் ஆராயும் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறை இருக்கிறது. தகுதியும் கட்டணமும் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஸின் கடைசிக் காலம் வசதியாக இல்லை. 1928இல் தம் ஆய்வுக் குறிப்புகளையும் கடிதங்களையும் விலைக்கு அறிவித்தார். ஒரு சீமாட்டி 2,000 பவுண்டு கொடுத்து வாங்கினார். 1932 செப்டம்பர் 16இல் லண்டனில் இறந்தார். கல்கத்தாவில் அவர் வேலை செய்த மருத்துவமனை வளாகத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

அந்தச் சகோதரர் அடுத்த வாரம் போன் செய்தார். மாப்பிள்ளை பற்றியும் வேலை பற்றியும் ஒன்றும் பேசவில்லை. புதுச்சேரியில் பெண் பிள்ளைகளுக்கு நல்ல விடுதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னோம்.