திரீ நாட் திரீக்குப் பெயர் தந்த லீ

போலீஸ்காரர் தோளில் தொங்கிய மரக்கட்டைத் துப்பாக்கியை நம்மில் பலர் சிறுவயதில் வாய் பிளந்து பார்த்திருப்போம். அந்தத் ‘திரீ நாட் திரீ’யின் முழுப்பெயர் லீ-என்ஃபீல்டு. என்ஃபீல்டு, லண்டனை ஒட்டிய துப்பாக்கித் தொழிற்சாலை ஊர். லீ ஒரு மனிதர்.

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தார். அப்பாவைப் போலவே கடிகாரத் தொழில். பிறகு அமெரிக்கா போய்த் துப்பாக்கிக் கம்பெனி தொடங்கினார். ராணுவம் 1,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. குழலின் துளை அளவில் தகராறு வந்து, சரக்கை வாங்க மறுத்துவிட்டது. கடன் கணக்கு பார்த்தே காலம் தள்ளிய எனக்கு, இதற்குப் பிறகும் அவர் தொழிலை விடாததுதான் பெரிய ஆச்சரியம்.

அன்றைய ரைபிள்கள் பலவற்றில் ஒவ்வொரு முறையும் ஒரே தோட்டாதான் போட முடியும். லீ, ஸ்பிரிங் வைத்த சிறு தகரப் பெட்டியில் தோட்டாக்களை அடுக்கி, போல்ட்டுக்கு அடியில் பொருத்தினார். 1879-ல் காப்புரிமை பெற்றார். கதவுத் தாழ்ப்பாளைப் போல போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்தது உள்ளே ஏறும். 1888-ல் பிரிட்டன் இதை ஏற்றது.

முதலில் அதில் கரிமருந்துதான். வெடியுப்பு, கந்தகம், கரி என்றால் சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். புகையே சுட்டவனைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு புகை குறைந்த கார்டைட் வந்தது. அதன் சூட்டில் குழலின் உட்புற வரிகள் தேய்ந்தன. எனவே 1895-ல் என்ஃபீல்டின் ஆழமான வரிகள் வந்தன. பெயரும் லீ-என்ஃபீல்டு ஆனது. கார்டைட்டுக்காக நீலகிரி அருவங்காட்டில் 1903-ல் தொழிற்சாலையே அமைத்தார்கள். அடுத்த ஆண்டு லீ இறந்தார்.

1919-ல் ஜாலியன்வாலாபாக்கில் சுடப்பட்ட 1,650 ரவுண்டுகளும் இந்த ரகத் துப்பாக்கியிலிருந்து வந்தவைதான். அதை மறைத்துவிட்டு இதன் பெருமையை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பிரிட்டன், அமெரிக்கா, கனடாவில் இன்றும் இதைத் தேடி வாங்குகிறார்கள், சுடுதளங்களில் சுடுகிறார்கள். இரும்பில் பொறித்த ஆண்டையும் தொழிற்சாலை முத்திரையையும் படிப்பது அவர்களுக்குப் பாதி சந்தோஷம். நம் வங்காளத்து இஷாப்பூர் முத்திரையும் அதில் உண்டு. போல்ட்டின் எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார்கள். வவுச்சரை லெட்ஜரோடு ஒப்பிட்டு டிக் அடிக்கும் சுகம் எனக்குத் தெரியும்! ஒவ்வொரு குண்டுக்கும் கை வேலை செய்தாக வேண்டும் என்பதுதான் மீதி ஈர்ப்பு.

இந்தியாவில் .303 தடை செய்யப்பட்ட ரகம். தனியார் சாதாரணமாக வாங்க முடியாது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் இதற்கு விடை கொடுத்தது. உரிமம் உள்ளவர்களுக்கு நம் அரசுத் தொழிற்சாலை .315 என்ற ரைபிளைச் செய்து விற்றது. அதிலும் இருப்பது லீயின் போல்ட்தான்.