1935-ல ஒரு லட்சம் சம்பளம்

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. கேன்டீன்லகூட பேக்கேஜ் பத்தித்தான் பேச்சு. 1935-லேயே ஒரு லட்ச ரூபாய் வாங்கின ஒருத்தரைப் பத்திச் சொல்றேன், கேளுங்க.

கே.பி.சுந்தராம்பாள் 1908-ல கொடுமுடியில பிறந்தாங்க. வீட்டுல வறுமை. சின்ன வயசுல ரயில்ல பாடிக் காசு வாங்கினவங்களை, அந்தக் குரல்தான் நாடக மேடைக்குக் கூட்டிட்டு வந்தது. இலங்கையில நாடகம் போடப் போனப்போ, செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோட சேர்ந்து நடிச்சாங்க. மேடை ஜோடி, நிஜத்துலயும் ஜோடி ஆனாங்க. 1933-ல கிட்டப்பா இறந்துட்டார். சுந்தராம்பாளுக்கு அப்போ வயசு 25. அன்னையிலிருந்து வெள்ளைப் புடவைதான். இனி எந்த ஆணோடவும் ஜோடியா நடிக்க மாட்டேன்னு முடிவும் எடுத்தாங்க.

அந்த நேரத்துலதான் 'பக்த நந்தனார்' பட வாய்ப்பு வந்தது. அவங்களுக்கு நடிக்க விருப்பமே இல்லை. தயாரிப்பாளர் திரும்பிப் போகட்டும்னுதான் ஒரு லட்சம் கேட்டாங்கன்னு சொல்லுவாங்க. அவரோ சரின்னுட்டார்! நந்தனாரா, ஆண் வேஷத்துல, அவங்களே நடிச்சாங்க. அப்போ 10 கிராம் தங்கம் சுமார் 30 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்க, 33 கிலோ தங்கம் வருது.

1951-ல சென்னை மாநில மேலவை உறுப்பினர் ஆனாங்க. 1953-ல 'ஔவையார்', 1964-ல 'பூம்புகார்', 1970-ல பத்மஸ்ரீ. 1980-ல காலமானாங்க.

அவங்களுக்கு அந்தச் சம்பளம் எப்படிக் கிடைச்சது? குரல் ஒரு காரணம். வேண்டாம்னு சொல்ல முடிஞ்சது இன்னொரு காரணம்.

எங்க ஊர் சோழபுரத்துல பாட்டி களை எடுக்கப் போவாங்க. ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு அதைவிடக் குறைஞ்ச கூலி. கேட்டா, ரெண்டும் வேற வேற வேலைன்னு பதில் வரும். பாட்டியால வேண்டாம்னு சொல்ல முடியாது. சொன்னா அன்னைக்கு அடுப்பு எரியாது. அப்படிப்பட்டவங்களுக்காகத்தான் 1976-ல சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே மாதிரியான வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்னு அது சொன்னது. ஆனா வேலையோட பேரை மாத்திட்டதால, அந்தச் சட்டம் வயக்காட்டு வரைக்கும் வரலை.

தோழிகளே, ஆஃபர் லெட்டர் வந்ததும் கூடப் படிச்ச பையனுக்கு எவ்வளவுன்னு கேளுங்க. பசங்களா, மறைக்காம சொல்லுங்க. பாட்டியால கேட்க முடியலை. நம்மால முடியும்.