மருந்தும் இசையும் வளர்த்த மாமேதை

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், தாவரவியல்)

சீன மூலிகை மருத்துவம் என்றதும் உலகம் லீ ஷிசென் பெயரைச் சொல்லும். 27 ஆண்டுகள் உழைத்து, 1,892 மருந்துப் பொருள்களை விளக்கும் பெருநூலை 1578ஆம் ஆண்டில் முடித்தவர் அவர். மூலிகைக்காக வாழ்ந்த மேதை நம் தமிழ் மண்ணிலும் இருந்தார். அவர்தாம் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859 ஆகஸ்டு 2ஆம் நாள் பிறந்தார். திண்டுக்கல்லில் பயிற்சி பெற்று ஆசிரியரானார். மாதச் சம்பளம் கிடைக்கும் வேலை அக்காலத்தில் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் அவர் உள்ளம் மூலிகையை நாடியது. சுருளி மலையில் கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு, குருவாகக் கொண்டு, மருந்து முறைகளைக் கற்றார்.

பின்னர் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளுடன் தஞ்சையில் குடியேறினார். அங்கும் ஆசிரியராக இருந்தவர், நாளடைவில் அவ்வேலையை விட்டு மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டார். நகருக்கு வெளியே பரந்த நிலம் வாங்கி மூலிகைகளைப் பயிரிட்டார். அதற்குக் குருவின் பெயரால் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். காட்டில் பறிக்கும்போது ஒரு செடிக்கு மற்றொரு செடி மாறிவிடலாம். பருவம் தப்பினால் சரக்கே கிடைக்காது. தோட்டத்தில் வளர்த்தால் இவ்விரு குறையும் நீங்கும். தாவரவியல் பயிலும் எனக்கு இதுவே அவர் செயல்களில் பெரிதாகத் தோன்றுகிறது.

மருந்தால் வந்த செல்வத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் செலவிலேயே இசை மாநாடுகள் நடத்தினார். 1916இல் பரோடா மாநாட்டிலும் தம் கருத்துகளை எடுத்துரைத்தார். சுருதிகள் 22 என்ற கொள்கையை மறுத்து, 24 என நிறுவ முயன்றார். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் கருணாமிர்த சாகரம் 1917இல் வெளிவந்தது. அப்பெயரிலும் குருவே விளங்குகிறார். 1919 ஆகஸ்டு 31இல் பண்டிதர் மறைந்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். கானாடுகாத்தான் கண்மாய்க்கரையில் கீழாநெல்லி, தூதுவளை, ஆடாதோடை என்று என் தாயார் பெயர் சொல்லிப் பறிப்பார். அவருக்கு எழுதத் தெரியாது. அச்செடிகளின் இலத்தீன் பெயர்களை நான் ஆய்வுக்கூடத்தில் படிக்கிறேன். அவர் சொல்வதையும் நான் படிப்பதையும் ஒரே ஏட்டில் எழுதி வருகிறேன். எழுதாவிட்டால் அவர் அறிவு அவரோடு போய்விடும்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள், எழுதியதை ஆராயுங்கள். பண்டிதருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.